மார்ச் நெருக்கடியில் நிதானம்: வங்கிக் கிளையில் பணியாற்றுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வங்கிக் கிளையில், நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் மற்ற மாதங்களைப் போல நடப்பதில்லை. வைப்புத்தொகை, கடன், வசூல், காப்பீடு, புதிய கணக்குகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டார்கெட் இருக்கிறது. ஒவ்வொரு டார்கெட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அந்தக் குழு ஒவ்வொன்றும் காலையிலும் மாலையிலும் ஓர் எண்ணைக் கேட்கிறது. கவுன்ட்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போதே மண்டல அலுவலகத்தின் காணொலிக் கூட்டம் தொடங்கிவிடுகிறது. வீட்டில் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நடக்கும் மாதமும் பெரும்பாலும் இதுவே. இந்த நிலையில் "பதற்றப்படாதீர்கள்" என்று பொதுவாகச் சொல்வதால் எவருக்கும் பயன் இல்லை. எதை எப்போது செய்தால் பதற்றம் குறையும் என்று சொல்ல முடிந்தால்தான் அது உதவி.

கிளைகளில் நான் கண்டவரை, மார்ச் 31 அன்று தலைக்கு மேல் வந்து நிற்கும் வேலையில் பெரும்பகுதி அன்று பிறந்ததன்று. ஜனவரி முதல் வாரத்திலேயே அது கணினியில் ஒரு பட்டியலாகக் கிடந்திருக்கிறது. ஆகவே நிதானத்தை ஒரு மனநிலையாகத் தேடுவதை விட, வேலையின் வரிசையில் தேடுவதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. கிளை மேலாளர், கடன் அதிகாரி, கவுன்ட்டர் ஊழியர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். காப்பீட்டு முகவர்களும் விற்பனைத் துறையினரும் தங்கள் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: தேதியை அதன் அளவுக்கு மட்டும் மதியுங்கள்

இந்தியாவில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டு 1867-இல் ஆங்கிலேய ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மே மாதம் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஆண்டு இருந்தது. இதை மாற்றலாமா என்று ஆராய 1984-இல் அமைக்கப்பட்ட எல்.கே. ஜா குழு, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. நமக்கெல்லாம் நெறிமுறை வகுக்கும் ரிசர்வ் வங்கியே 2020 வரை ஜூன் 30 அன்றுதான் தன் கணக்கை முடித்துக்கொண்டிருந்தது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்குகளை ஏதேனும் ஒரு நாளில் முடித்தாக வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட கோடு அது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரவேண்டிய தொகை அந்தப் பக்கம் வந்தால் இருப்புநிலைக் குறிப்பு மாறும், வாராக்கடன் விகிதம் மாறும், கிளையின் தரவரிசை மாறும். இவை உண்மையான விளைவுகள், அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் திறமைக்கும் நேர்மைக்கும் இருபது ஆண்டு உழைப்புக்கும் அன்று இரவு தீர்ப்பு எழுதப்படுவதில்லை. மார்ச் தொடங்குமுன், "இந்த ஆண்டு டார்கெட்டில் எவ்வளவு எட்டவில்லை என்றால் உண்மையில் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதிப் பாருங்கள். இடமாற்றமா, பதவி உயர்வில் தாமதமா, ஒரு கூட்டத்தில் கேட்கவேண்டிய கடுஞ்சொல்லா? எழுதப்பட்ட அச்சத்துக்கு ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. எழுதாத அச்சம் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வளர்கிறது.

இரண்டாம் படி: தொண்ணூறு நாள் கணக்கை ஜனவரியிலேயே போடுங்கள்

மார்ச் மாதப் பதற்றத்தில் பெரும்பங்கு வசூல் சார்ந்தது. இங்கேதான் முன்கூட்டிய ஒரு மணி நேர வேலை, பின்னால் வரும் பல இரவுகளை மிச்சப்படுத்துகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தவணைக் கடன் ஒன்றில் அசலோ வட்டியோ தொடர்ந்து 90 நாட்கள் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன் ஆகிறது. முதல் 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. (சிறப்புக் கவனத்துக்குரிய கணக்கு) 0, அதன் பின் 60 நாள் வரை எஸ்.எம்.ஏ. 1, அதற்கும் மேல் 90 நாள் வரை எஸ்.எம்.ஏ. 2 என்று கணினி அதை வகைப்படுத்திக்கொண்டே வருகிறது. இந்த வகைப்பாடு ஒவ்வொரு நாளும் நாள் முடிவுச் செயல்பாட்டின்போதே நடக்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. அதே சுற்றறிக்கை, வாராக்கடனாகிவிட்ட கணக்கு மீண்டும் நல்ல கணக்காக வேண்டுமானால் நிலுவையிலுள்ள அசலும் வட்டியும் முழுவதும் செலுத்தப்பட்டாக வேண்டும் என்றும் சொன்னது.

இனி நாட்காட்டியைப் பாருங்கள். லீப் ஆண்டாக இல்லாவிட்டால், டிசம்பர் 31 அன்று நிலுவையில் விழுந்த தவணைக்கு 90 நாள் நிறைவது சரியாக மார்ச் 31. அதாவது, ஆண்டு முடிவில் வாராக்கடனாக நிற்கக்கூடிய தவணைக் கடன்கள் அனைத்தும் ஜனவரி 1 காலை நிலுவைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பட்டியலுக்கு வெளியிலிருந்து புதிதாக ஒரு தவணைக் கடன் மார்ச் 31 அன்று வந்து நம்மைத் திகைக்க வைக்க வழியே இல்லை. மார்ச் இருபத்தைந்தாம் தேதிக்குமேல் ஜீப் பிடித்துக் கிராமம் கிராமமாகச் செல்லும் கிளைகள், இந்த எளிய கணக்கை ஜனவரியில் போடாத கிளைகள்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருடைய தவணை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி. டிசம்பர் 10 தவணையிலிருந்து அவர் செலுத்தவில்லை. மார்ச் 10 அன்று 90 நாள் நிறைகிறது. அதற்கு முன் டிசம்பர் தவணை ஒன்றை மட்டும் அவர் செலுத்தினாலும் மிகப் பழைய நிலுவை ஜனவரி 10 ஆகிவிடும், கணக்கு தப்பிக்கும். மார்ச் 10 நாள் முடிவைத் தாண்டிவிட்டால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று நான்கு தவணைகளையும் வட்டியோடு ஒருசேரக் கேட்க வேண்டியிருக்கும். பிப்ரவரியில் ஒரு தவணை கேட்பது சாதாரண உரையாடல். மார்ச் இறுதியில் நான்கு தவணை கேட்பது இரு தரப்புக்கும் வேதனை. வசூலுக்குச் செல்லும் அதிகாரியின் குரல் உயர்வதற்குப் பல நேரங்களில் அவருடைய குணம் காரணமாக இருப்பதில்லை. அவர் தாமதமாகப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

எனவே ஜனவரி முதல் வாரத்தில் மூன்று பட்டியல்களை எடுங்கள். முதலாவது, மேலே சொன்ன தவணைக் கடன்கள். இரண்டாவது, வணிகர்கள் ஒரு வரம்புக்குள் எடுத்தும் கட்டியும் வரும் ரொக்கக் கடன் கணக்குகள்: வரம்புக்கு மேல் தொடர்ந்து நிற்பவை, 90 நாளாக வரவே இல்லாதவை, வந்த வரவு அக்காலத்து வட்டிக்குப் போதாதவை, சரக்கு அறிக்கை தராதவை, புதுப்பிக்கும் தேதி கடந்தவை. புதுப்பித்தல் 180 நாள் தாண்டினால் அதுவே வாராக்கடனாக்கிவிடும் என்பதைப் பலர் மார்ச்சில்தான் நினைவுகூர்கிறார்கள். மூன்றாவது, பயிர்க்கடன்கள். இவற்றுக்கு நாள் கணக்குக்குப் பதிலாகப் பருவக் கணக்கு: குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம்.

பயிர்க்கடனைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அவர் கையில் பணம் இருக்கும் காலம் அது. அப்போது கிளையிலிருந்து ஒருவர் சென்று, "ஐயா, அறுவடை எப்படி இருந்தது? நெல்லுக்குப் பணம் ஏறியதும் கடனைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள்; அரசு தரும் வட்டிச் சலுகை உங்களுக்கு விட்டுப்போகாமல் இருக்கும்" என்று சொன்னால் அவர் கேட்பார். பங்குனியில் போய் நின்றால் அந்தப் பணம் பழைய கைமாற்றுக்கோ மகள் திருமணத்துக்கோ போயிருக்கும். விவசாயியின் நாட்காட்டி வேறு, வங்கியின் நாட்காட்டி வேறு என்பதை ஏற்றுக்கொண்ட அதிகாரிகளே மார்ச்சில் அமைதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: இலக்குகளைப் பிரித்து எழுதுங்கள்

எல்லா டார்கெட்டும் ஒரே எடையோடு மனத்தில் கிடப்பதுதான் களைப்பின் முதல் காரணம். ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒரு பக்கத்தில் முற்றிலும் உங்கள் கையில் இருக்கும் வேலைகளை எழுதுங்கள்: புதுப்பிக்க வேண்டிய கோப்புகள், இடைநிலைக் கணக்குகளில் (உரிய கணக்குக்குப் போகும் வரை தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்குகள்) தீர்க்காமல் கிடக்கும் பதிவுகள், அடகு நகைப் பொட்டலச் சரிபார்ப்பு, தணிக்கைக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்கள். அடுத்த பக்கத்தில் பிறர் முடிவைச் சார்ந்தவற்றை எழுதுங்கள்: ஒரு நிறுவனம் வைப்புத்தொகை போடுவது, ஒருவர் நிலம் விற்றுக் கடன் அடைப்பது. இரண்டாம் பக்கத்தில் உள்ளவற்றில் உங்கள் பங்கு, சந்திப்பதும் கேட்பதும் கேட்டதைப் பதிவு செய்வதும் மட்டுமே. அந்தப் பங்கைச் செய்து முடித்தபின் அந்த வரியில் ஒரு குறியிட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். முடிவு வரும் வரை அதை மனத்தில் சுமப்பதால் முடிவு மாறுவதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஊகித்து எழுதாமல், சென்ற ஆண்டு எத்தனை நாள் ஆனது என்று பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். தாங்கள் செய்யவிருக்கும் வேலைக்குத் தேவைப்படும் காலத்தை மனிதர்கள் இயல்பாகவே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எடுத்துக்காட்டினார்கள். முன்பு செய்த அதே வகை வேலைக்கு உண்மையில் ஆன காலத்தைப் பார்ப்பதே அதற்கு அவர்கள் காட்டிய மாற்று. ஒரு ரொக்கக் கடன் கோப்பைப் புதுப்பிக்கச் சென்ற ஆண்டு நான்கு நாள் ஆனதென்றால், இந்த ஆண்டு ஒரு நாளில் முடியும் என்று நம்புவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

நான்காம் படி: ஏப்ரலில் திரும்பி வரக்கூடியதை மார்ச்சில் செய்யாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டுமே பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். மார்ச் இறுதியில் நம்மைக் கெடுப்பவை முடிக்காமல் விட்ட வேலைகளை விட, முடித்ததாகக் காட்டிய வேலைகளே.

காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். கடன் வாங்க வந்த ஒருவரிடமோ, ஓய்வூதியப் பணத்தை வைப்புத்தொகையாகப் போட வந்த மூத்த குடிமகன் ஒருவரிடமோ, என்னவென்று முழுமையாக விளக்காமல் ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிவிட்டால் அன்றைய எண்ணிக்கை கூடும். ஆனால் பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. ஏப்ரலில் அவருடைய மகன் வந்து மேசைமுன் நிற்பார். பணம் திரும்பிப் போகும், அதனுடன் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையும் போகும், புகார் மட்டும் கிளையில் தங்கும். வாழ்நாள் சேமிப்பை நம்பிக் கொண்டுவரும் ஒரு முதியவரைவிட எந்த எண்ணிக்கையும் பெரிதில்லை என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

31ஆம் தேதி வந்து 2ஆம் தேதி போய்விடும் வைப்புத்தொகையும் அப்படித்தான். அதைத் திரட்டக் கொடுத்த வாக்குறுதிகளும் பட்ட நன்றிக்கடனும் ஆண்டு முழுதும் தொடரும்; அந்த உயர்த்திய எண்ணே அடுத்த ஆண்டுக்கான டார்கெட்டுக்கு அடிப்படையாகவும் ஆகிவிடும். நமக்கு நாமே சுமை ஏற்றிக்கொள்ளும் வழி இது.

ஒரு கடன்தாரருக்குச் சிறு கடன் கொடுத்து அதைக் கொண்டே அவருடைய பழைய நிலுவையை அடைக்கச் செய்வது இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது. ஆண்டு முடிவுத் தேதியை ஒட்டிச் சரிசெய்யப்பட்ட கணக்குகளை, எந்தப் பணத்தால் சரிசெய்யப்பட்டன என்ற சான்றோடு தணிக்கையாளரிடம் விளக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வாராக்கடன் நெறிமுறைகளிலேயே உள்ளது. ஏப்ரலில் வரும் சட்டப்பூர்வத் தணிக்கையாளர் முதலில் திறந்து பார்ப்பதும் மார்ச் கடைசி வாரத்து வரவுகளைத்தான்.

கடவுச்சொல்லைப் பகிர்வதும் அவசரத்தின் பிள்ளையே. ஒருவர் பதிவிட்டு இன்னொருவர் சரிபார்க்க வேண்டிய பதிவை, "நீங்களே என் ஐ.டி.யில் போட்டுவிடுங்கள், நான் வசூலுக்குக் கிளம்புகிறேன்" என்று சொல்லிப் போவது பல கிளைகளில் நடக்கிறது. ஒரு மோசடி வெளிவந்தால் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஐ.டி.க்கு உரியவர். ஐந்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை, உங்கள் ஐ.டி.யில் நீங்கள் மட்டுமே பணி செய்யுங்கள்.

ஐந்தாம் படி: வாடிக்கையாளர் கூட்டத்தை முன்கூட்டியே கரையுங்கள்

கவுன்ட்டர் ஊழியர்களுக்கு மார்ச் என்பது வரிசையில் நிற்கும் மனிதர்கள். அந்த வரிசையும் எதிர்பார்க்கக்கூடியதே. மார்ச் 15 வருமான வரிக்கான முன்வரியின் கடைசித் தவணை. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் வணிகர்கள் வருவார்கள். மார்ச் கடைசி வாரம் பொது வருங்கால வைப்பு நிதிக்கு ஆண்டுக் குறைந்தபட்சமான 500 ரூபாயும், செல்வமகள் சேமிப்புக் கணக்குக்கு 250 ரூபாயும் கட்ட மறந்தவர்கள் வருவார்கள். வரிச்சலுகைக்காக ஒன்றரை லட்சம் வரை கட்டுவோரும் அப்போதுதான் வருவார்கள். பொது வருங்கால வைப்பு நிதிக்கு வட்டி, மாதத்தின் 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையிலுள்ள குறைந்தபட்ச இருப்பின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. மார்ச் 31 அன்று கட்டுகிறவருக்கு அந்த மாத வட்டி அந்தத் தொகைக்குக் கிடையாது. மார்ச் 5க்குள் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும். பிப்ரவரியில் கிளைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இந்த ஒரு செய்தியைச் சொன்னால், அவர்களுக்கு வட்டி கூடும், உங்களுக்கு வரிசை குறையும்.

அரசு வரவு செலவைக் கையாளும் கிளையாக இருந்தால், மார்ச் 31 விடுமுறை நாளில் வந்தாலும் திறக்க வேண்டியிருக்கும் என்பதை ஜனவரியிலேயே கணக்கில் கொள்ளுங்கள். 2024-இல் அது ஞாயிற்றுக்கிழமையாகவும், 2025-இல் ரம்ஜான் பண்டிகையாகவும் வந்தது. இரு முறையும் அத்தகைய கிளைகளைத் திறந்து வைக்கும்படி ரிசர்வ் வங்கி அறிவித்தது. பண்டிகை கொண்டாடும் ஊழியருக்கு மாற்று ஏற்பாட்டை முன்பே செய்துவைப்பது மேலாளரின் கடமை.

ஆறாம் படி: மேலதிகாரியிடம் பேசும் முறையை அமைத்துக்கொள்ளுங்கள்

அழுத்தம் பெரும்பாலும் தொலைபேசி வழியாகத்தான் வருகிறது. "எவ்வளவு ஆச்சு?" என்ற கேள்விக்கு எண் இல்லாமல் நிற்கும்போது நாக்கு தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றத்தில் செய்ய முடியாததற்கெல்லாம் "சரி சார்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொன்ன ஒவ்வொரு "சரி"யும் மறுநாள் காலை ஒரு புதிய கேள்வியாகத் திரும்புகிறது.

மண்டல அலுவலகம் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவதுதான் இதற்கு வழி. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில், நான்கைந்து வரிகளில் நிலையை எழுதி அனுப்பிவிடுங்கள். கேட்டால் சொல்லும் பதில் இப்படி இருக்கலாம்: "சார், பட்டியலில் உள்ள ஐந்தில் மூன்று கணக்கு இந்த வாரத்துக்குள் சரியாகிவிடும், பெயர்களை அனுப்பியிருக்கிறேன். மற்ற இரண்டும் சொத்து விற்றால்தான் தீரும், மார்ச்சுக்குள் வாய்ப்பில்லை. அதை எழுத்திலும் தெரிவித்திருக்கிறேன்." இந்தப் பதிலில் பணிவும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. கேட்பவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவரும் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். நம்பத்தகுந்த சிறிய எண் அவருக்கும் உதவும். பொய்யான பெரிய எண் 31ஆம் தேதி இரவு இருவரையும் சேர்த்தே வீழ்த்தும்.

முறைகேடான ஒன்றைச் செய்யும்படி வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், மறுத்துச் சண்டையிடத் தேவையில்லை. "மேடம், இதை ஒரு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், கோப்பில் வைத்துக்கொள்கிறேன்" என்று கேட்பது போதும். பெரும்பாலும் அந்த மின்னஞ்சல் வராது.

வாட்ஸ்அப் குழுக்களை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்காமல், காலை, மதிய உணவுக்குப் பின், மாலை என்று மூன்று நேரம் மட்டும் பாருங்கள். உண்மையிலேயே அவசரமானால் அழைப்பு வரும். மற்றக் கிளைகள் போடும் எண்ணிக்கையைப் பார்த்து உங்கள் கிளையை எடைபோடுவதை இந்த மாதம் முழுவதும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கிளை எந்த ஊரில், எந்தத் தொழிலை நம்பி இருக்கிறது என்பது அந்த எண்ணில் தெரிவதில்லை.

கிளை மேலாளர்கள் தங்களுக்கு மேலிருந்து வந்த கடுமையை அப்படியே கீழே இறக்காமல் இருக்க வேண்டும். கூட்டத்தில் கேட்ட சொற்களைக் கேஷியரிடமும் எழுத்தரிடமும் திரும்பச் சொல்வதால் ஒரு ரூபாய்கூட வசூல் கூடாது. அன்றைய வேலையை மட்டும் சொல்லுங்கள்.

ஏழாம் படி: உடம்பைப் பட்டினி போடாதீர்கள்

மதிய உணவைத் தள்ளிப்போட்டு, இடையிடையே தேநீர் குடித்தே ஓட்டுவது மார்ச் வழக்கம். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். வேலை முடித்துப் படுத்தும் தூக்கம் வராமல் புரள்வதற்கு டார்கெட் மட்டுமே காரணமென்று எண்ண வேண்டாம். மதியம் மூன்று மணிக்குப்பின் காபி, தேநீர் இரண்டையும் நிறுத்திவிட்டு மோர் குடியுங்கள். பங்குனி வெயிலுக்கும் அது நல்லது. உணவு இடைவேளையை ஊழியர்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த இருபது நிமிடத்தில் கைப்பேசி மேசையிலேயே இருக்கட்டும்.

கோபமோ படபடப்போ எழும் கணத்தில் செய்யக்கூடிய ஒன்று மூச்சை மெதுவாக்குவது. மூக்கால் நான்கு எண்ணும் அளவு மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் அளவு மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. வெளிமூச்சை நீட்டுவதால் உடல் அமைதிப் பக்கம் திரும்புகிறது. காணொலிக் கூட்டத்துக்கு முன் மூன்று நிமிடம் செய்தால் குரலில் வேறுபாடு தெரியும். வரிசையில் நிற்பவர் கத்தும்போது, பதில் சொல்லுமுன் இரண்டு மூச்சு விட்டாலே போதும்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். தொடர்ந்து ஐந்து மணி நேரமே தூங்கியவர் கையில் பணக்கட்டைக் கொடுத்து எண்ணச் சொல்வது அவருக்கும் வங்கிக்கும் நட்டம். இரவு வெகுநேரம் கழித்து வேலை முடிந்தால் இருசக்கர வாகனத்தில் தனியே நெடுந்தொலைவு செல்ல வேண்டாம். யாருடனாவது சேர்ந்து காரில் செல்லுங்கள், அல்லது அந்த ஊரிலேயே தங்கிவிடுங்கள். பெண் ஊழியர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எப்படிச் செல்வார்கள் என்பதை மாதத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பு இல்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அதை மார்ச் களைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அருகில் அமர்ந்திருப்பவரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால், நீங்களே அந்த எண்ணை அழைத்து அவரிடம் கொடுங்கள்.

எட்டாம் படி: கடைசி மூன்று நாட்கள்

29ஆம் தேதியிலிருந்து புதிய முயற்சி எதையும் தொடங்க வேண்டாம். அதுவரை பேசி வைத்தவற்றை முடிப்பதற்கும், கணக்குகளைச் சரிபார்ப்பதற்கும் மட்டுமே அந்த நாட்கள். ஏ.டி.எம். பணம், கையிருப்புப் பணம், இடைநிலைக் கணக்கு ஆகியவற்றை 30ஆம் தேதி மாலை ஒருமுறை ஒத்துப்பார்த்துவிட்டால், 31 அன்று ஒரு நாளின் வேறுபாட்டை மட்டும் தேடினால் போதும்.

மின்வழிப் பணப் பரிமாற்ற வசதிகளான நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகின்றன. கடன்தாரர் தம் கைப்பேசியிலிருந்தே நாள் முடிவுக்கு முன் தவணையைச் செலுத்திவிடலாம். பணம் வருமா என்று பார்ப்பதற்காக மொத்த ஊழியரையும் இரவு வரை உட்கார வைப்பது பழைய காலத்துப் பழக்கத்தின் மிச்சம். யார் எந்த வேலைக்காக இருக்க வேண்டும் என்று பெயரிட்டு எழுதி, மற்றவர்களை மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் வரும் எந்தக் கடன் ஒப்புதல் கோரிக்கையையும் வழக்கமான எல்லா ஆவணங்களும் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவணம் குறைந்தாலும் அது ஏப்ரல் 2 வேலை.

ஒன்பதாம் படி: ஏப்ரல் முதல் வாரம்

ஏப்ரல் 1 அன்று வங்கி பொதுமக்களுக்கு மூடியிருக்கும். வாடிக்கையாளர் இல்லாத அந்த நாளைத் தணிக்கை ஆவணங்களை வரிசைப்படுத்தப் பயன்படுத்துங்கள். அன்று மாலைக்குள் இன்னொரு வேலையும் இருக்கிறது: நினைவு புதிதாக இருக்கும்போதே, இந்த மார்ச்சில் எது எத்தனை நாள் எடுத்தது, எந்தப் பட்டியலைத் தாமதமாக எடுத்தோம், எந்தக் கடன்தாரர் எந்த மாதத்தில் பணம் கையில் வைத்திருந்தார் என்று இரண்டு பக்கம் எழுதிவையுங்கள். மூன்றாம் படியில் சொன்ன பதிவேடு இதுதான். நீங்கள் இடமாற்றத்தில் சென்றுவிட்டால் அடுத்து வருபவருக்கும் அது உதவும்.

அதன்பின் வட்டிக்கு வரிப்பிடித்தம் வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்துடன் மூத்த குடிமக்கள் வரத் தொடங்குவார்கள், தணிக்கையாளரும் வருவார். இந்த இரண்டுக்கும் நடுவில், மார்ச்சில் விடுப்பே எடுக்காத ஊழியர்களுக்கு ஆளுக்கு இரண்டு நாளாவது முறைவைத்து விடுப்புக் கொடுங்கள். கிளையிலேயே அதிகம் களைத்தவர் யாரோ அவர் முதலில் போகட்டும். மேலாளரும் அந்த முறைப்பட்டியலில் தம் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.